ஸரீதும் அசோர்தாவும்

போர்ச்சுக்கல் நாட்டின் தெற்கே, குவாதியானா ஆற்றங்கரைக் குன்றின்மீது அமைந்த சிற்றூர் மெர்த்தொலா. ஆற்றின் பெயரிலேயே 'வாதி' என்னும் அரபுச்சொல் ஒளிந்து கிடக்கிறது. ஊரின் பெரிய தேவாலயம் முன்னர்ப் பள்ளிவாசலாக இருந்தது. 1238ஆம் ஆண்டில் ஊர் கிறித்தவப் படையின் வசமாயிற்று. எனினும் பீடத்தின் பின்னே மிஹ்றாப் இன்றும் இருக்கிறது. ஷைகுல் அக்பர் இப்னு அரபி அவர்கள் விரிவுரை கண்ட 'கல்உந் நஃலைன்' என்னும் தஸவ்வுஃப் நூலின் ஆசிரியர் இப்னு கஸீ, 1144இல் முராபித்துகளை எதிர்த்தெழுந்து கைக்கொண்ட ஊரும் இதுவே. இவையெல்லாம் எழுதுவோர்க்கு இனிய செய்திகள். ஆனால் யான் எழுதப் புகுந்தது, அங்கு ஒரு சிறிய உணவுக்கடையில் உண்ட ஒருவேளை உணவைப் பற்றியே.

ஆறு மேசைகள். ('மேசை' அவர்கள் சொல், நம் நாவில் நாலு நூற்றாண்டுக்கு மேலாகப் புழங்கித் தமிழாகிவிட்டது. சாவியும் ஜன்னலும் அவ்வாறே.) முதியவர் பரிமாறுகிறார், அவர் மனைவி சமைக்கிறார், மகள் கணக்கு எழுதுகிறாள். உடன்வந்த லிஸ்பன் நண்பர் மொழிபெயர்த்தார். அந்நாட்டுச் சமையலில் பன்றிக் கொழுப்பும் மதுவும் எவ்விடத்தும் நுழைந்திருக்கும். கீரைச்சாறு என்று நம்பிக் கேட்டால் அதன்மேல் பன்றிக்குடல் துண்டு மிதந்து வரும். வேதக்காரர் பாத்திரங்களில் உண்ண நேர்ந்தால் கழுவிவிட்டு உண்க என்னும் நபிமொழி நினைவில் எழ, சட்டியைக் கழுவித் தரவேண்டும் என்று கேட்கச் சொன்னேன். நண்பர் தயங்கினார். சமைக்கும் பெண்மணியிடம் அவர் சட்டி தூயதன்று என்பதுபோல் ஒலிக்குமே! எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அம்மூதாட்டி ஒரு சொல்லும் பேசாமல் எங்கள் கண்ணெதிரே சட்டியை இருமுறை கழுவிக் கவிழ்த்துக் காட்டினார்.

வந்த உணவின் பெயர் அசோர்தா. பூண்டு, கொத்தமல்லித் தழை, உப்பு மூன்றையும் உரலில் நைய இடித்து, ஒலிவ எண்ணெய் ஊற்றி, அதன்மேல் கொதிநீர் வார்த்து, முந்திய நாள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, நீரில் உடைத்து வேகவைத்த முட்டையை மேலிடுகிறார்கள். அவ்வளவே. அலெந்தேஜூ வட்டாரத்து ஏழையுழவரின் உணவு இது. லிஸ்பனில் இதே பெயரில் இறால் சேர்த்துக் களிபோல் கிண்டித் தருகிறார்கள். இறாலைப் பற்றி ஹனஃபி நூல்களில் உள்ள வாதம் ஒருபுறமிருக்க, அது எனக்குச் சுவைக்கவில்லை. மெர்த்தொலாவின் அசோர்தாவில் நீர் தெளிவாக நிற்கிறது. ரொட்டி ஊறியும் உருக்குலையாமல் இருக்கிறது. பச்சைத் தழையின் மணம் முகத்தில் அறைகிறது. உப்புத்தான் ஒரு பிடி மிகை. பின்னர் வந்த உப்பிட்ட பக்கலாவு மீனிலும் அதே குறை. நம்மூர்க் கருவாட்டைப் போன்ற அதனை நாள் முழுதும் நீர்மாற்றி ஊறவைக்க வேண்டும், அன்று அவசரப்பட்டிருக்கிறார்கள்.

'அசோர்தா' என்பது 'அஸ்ஸுர்தா' என்னும் அரபுச்சொல்லின் திரிபு. ஸரீதும் அதுவும் ஒரே வேரின் கிளைகள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சிறப்பை விளக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உவமையாக எடுத்தாண்ட உணவன்றோ ஸரீது! வாயில் வைத்த கணத்தில் நெஞ்சு நெகிழ்ந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆயினும் இவ்விடத்தில்தான் நம் எழுத்தாளர்களோடு எனக்குப் பிணக்கு. எண்ணெய்க்கு அஸெய்த்தே, அரிசிக்கு அரோஸ், சர்க்கரைக்கு அசூக்கர், சேமியா இனிப்புக்கு அலெத்ரியா என்று பட்டியலிட்டு, 'பார்த்தீர்களா, எல்லாம் நம்முடையவை' என்று முடித்துவிடுகிறார்கள். சொல் நம்முடையதாக இருக்கலாம்; உணவு அவ்வாறன்று. அரபியரின் ஸரீது இறைச்சிச் சாற்றில் ஊறுவது. இங்கே இறைச்சி வாங்க வகையற்ற குடும்பங்கள் பூண்டையும் தழையையும் கொண்டு வேறொன்றை ஆக்கிக்கொண்டன. அந்தப் பெண்மணியின் கைத்திறனை அகராதியைக் காட்டிப் பறிப்பது நேர்மையாகுமா? நம் வீட்டுச் சாவியைக் காட்டி, 'கதவு எங்களுடையது' என்று ஒரு போர்ச்சுக்கீசியர் சொன்னால் ஒப்புவோமா?

இதனால் வரலாற்றை மறந்துவிடுக என்று கூறவில்லை. 1496 டிசம்பரில் யூதரையும் முஸ்லிம்களையும் நாட்டைவிட்டு வெளியேற ஆணையிட்ட மானுவல் மன்னன் காலத்திலேதான் 1498இல் அவர்கள் கப்பல் கோழிக்கோட்டை அடைந்தது. மலபாரில் அவர்கள் இழைத்த கொடுமைகளை ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் அரபியில் எழுதிவைத்தார்கள். அந்நூலைக் கற்றவன் ஒருவன் அந்நாட்டார் மேசையில் அமர்ந்து ஸரீது உண்பது விந்தைதான். அவ்விந்தையை அப்படியே எழுதவேண்டும். பெருமையாகவோ புலம்பலாகவோ மாற்றி எழுதுவதால் படிப்பவர்க்கு என்ன கிடைக்கும்?

இறுதியில் இனிப்பு. முட்டைக்கருவும் வாதுமையும் கலந்த ஒன்றைக் காட்டினார்கள். அதன் பெயர் 'வானத்துப் பன்றிக் கொழுப்பு' என்று பொருள்படும் என நண்பர் சொன்னதும் கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்துவிட்டேன். ஆரஞ்சுப்பழம் போதுமானதாயிற்று.

கணக்குச் சீட்டில் ஒரு மனக்குறை. அமர்ந்த உடனே கேளாமலே வைக்கப்பட்ட ரொட்டிக்கும் ஒலிவக் காய்களுக்கும் விலை போட்டிருந்தார்கள். விருந்தோம்பல் என்று எண்ணி உண்டவை! கேளாமல் வைத்ததற்கு விலை கேட்க அங்கே சட்டத்தில் இடமில்லை என்றார் நண்பர். வாதிட வேண்டாம் என்றேன், உண்டது உண்டதுதானே.

புறப்படும்முன் அந்த மூதாட்டியிடம் பெயரின் கதையைச் சொல்லச் சொன்னேன். கேட்டுச் சிரித்தார். தம் தாயார் அதைச் சொன்னதில்லை என்றும், இன்றைய ரொட்டியைப் போட்டால் கூழாகிவிடும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார் என்றும் கூறிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார். உப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த மேசைக்குப் பூண்டு இடிக்கும் ஓசை கேட்டது.