பூண் போட்ட பீங்கான்: மூலமும் உரையும்

வலம்புரிச் சங்குக்கு வெள்ளிப் பூண் போடுகிறோம். உருத்திராட்சத்துக்குத் தங்கப் பூண், உலக்கைக்கு இரும்புப் பூண். உலக்கைக்குப் போடுவது மரம் பிளந்துவிடாமல் இருக்க. சங்குக்குப் போடுவது மதிப்புக்காக. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தார் சீனப் பீங்கான் ஜாடிகளின் வாயிலும் அடியிலும் தங்க முலாம் பூசிய வெண்கலப் பூண் போட்டார்களே, அது எந்த வகை?

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. அருமையான சீன ஜாடியைப் பிரெஞ்சுக்காரன் கெடுத்துவிட்டான் என்பது ஒன்று. அவன் கை பட்ட பிறகுதான் அது கலைப்பொருளாயிற்று என்பது மற்றொன்று. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. மூலம், உரை என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஜாடியை மூலமாகவும் பூணை உரையாகவும் வைத்துப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் தெளிவாகிறது என்பது என் எண்ணம்.

முதலில் மூலம் பாரிஸுக்கு வந்த வழி. ஜிங்தேஜென் சூளைகளில் சுட்ட பீங்கான் கான்டன் துறைமுகத்தில் கப்பலேறும். ஈரம் பட்டாலும் கெடாத சரக்கு, நல்ல பாரம் வேறு. அதனால் கப்பலின் அடித்தட்டில் அதை அடுக்கி, மேலே தேயிலைப் பெட்டிகளை வைப்பார்கள். பிரெஞ்சுக் கம்பெனி 1734 முதல் லோரியான் துறைமுகத்தில் ஏலம் விட்டது. அங்கிருந்து பாரிஸின் 'மார்ஷான் மெர்சியே' என்னும் வணிகர் கைக்குப் போகும். இவர்கள் கைத்தொழில் செய்பவர்கள் அல்ல. தொழிற்சங்க விதிப்படி எதையும் தாங்களே செய்யக் கூடாது. ஆனால் எதையும் விற்கலாம், அலங்கரித்தும் விற்கலாம். எல்லாம் விற்பார்கள், ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அந்தக் காலத்திலேயே கேலி இருந்தது. ஆனால் இன்ன ஜாடிக்கு இன்ன பூண் என்று யோசித்தவர்கள் இவர்கள்தாம்.

வேலை பல கை மாறும். ஒருவர் வார்ப்பார், ஒருவர் செதுக்குவார், ஒருவர் முலாம் பூசுவார். தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்து வெண்கலத்தின்மேல் தடவி நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவி நரம்பைக் கெடுக்கும் விஷம். படங்களில் அந்தப் பளபளப்பைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அடுப்பருகே நின்றவர்களின் நினைவுதான் எனக்கு வருகிறது.

உரைக்கு வருவோம். செலடான் என்னும் இளம்பச்சைப் பீங்கானிலும், ஒரே நிறத்து நீலப் பீங்கானிலும் பூண் நன்றாக அமைகிறது. மூலம் அமைதியாக இருக்கிறது, உரை விளிம்பில் நின்று பேசுகிறது. வயிறு முழுக்க ஓவியம் தீட்டிய ஜாடியில், போதாதற்கு வெண்கல இலையும் கொடியும் ஏறினால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்துவதுபோல் ஆகிவிடும். அதைவிட மோசம், கழுத்தை அறுப்பது. ஜாடியின் கழுத்தை வெட்டி, மூக்கும் கைப்பிடியும் வைத்துக் கெண்டியாக்கினார்கள். இரண்டு கிண்ணங்களை எடுத்து ஒன்றை மற்றொன்றின்மேல் மூடியாகக் கவிழ்த்து, நடுவில் துளைகள் விட்ட வெண்கல வளையம் வைத்து, வாசனைப் பூவிதழ் போடும் பாத்திரமாக்கினார்கள். உரைக்கு ஒத்துவரவில்லை என்று மூலபாடத்தையே திருத்திவிடும் உரைகாரரை நாம் பார்த்ததில்லையா? அந்த ரகம் இது.

பூண் போடுவதே சீன மரபுக்கு அந்நியம் என்பாரும் உண்டு. அது சரியல்ல. சோங் காலத்து டிங் சூளைகளில் கிண்ணங்களைக் கவிழ்த்துச் சுட்டார்கள். அதனால் விளிம்பில் மெருகு ஏறாது, சொரசொரப்பாக நிற்கும். அந்த விளிம்புக்குச் சீனர்களே செம்பு, வெள்ளி, தங்கத்தில் பட்டை கட்டினார்கள். ஆனால் ஒரு வேறுபாடு. சீன ரசிகர் ஜாடியைக் கையில் எடுத்தால் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். அடி வளையம் எப்படிச் சீவப்பட்டிருக்கிறது, அரசர் காலத்து முத்திரை எழுத்து உண்டா என்று தேடுவார். பாரிஸ் பூண் மூடுவது சரியாக அந்த இடத்தைத்தான்.

பெயர் விஷயத்திலும் இதே கதை. லாசார் துவோ என்ற வணிகரின் 1748 முதல் 1758 வரையிலான கணக்கேடு கிடைத்திருக்கிறது. மதாம் தெ பொம்பதூர் உட்பட யார் என்ன வாங்கினார், என்ன விலை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 1745 முதல் 1749 வரை வெண்கலத்தில் அடித்த கிரீடம் வைத்த 'சி' என்ற வரி முத்திரையால் பூணின் காலத்தைக்கூடச் சொல்லிவிடலாம். ஜாடியை வனைந்தவர் பெயர்? கிடையாது. பூணை வார்த்தவர் பெயரும் பெரும்பாலும் கிடையாது. கடைக்காரரும் வாங்கியவரும் வரிக்காரரும் பதிவாகியிருக்கிறார்கள்.

நம் பெயர்கூட இப்படி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே வணிகர்கள் சீன அரக்குத் திரைகளை அறுத்து மேசை, அலமாரிகளில் பதித்து விற்றார்கள். அந்த அரக்கு வேலைக்கு இன்றைக்கும் 'கொரமாண்டல்' என்று பெயர். கொரமாண்டல் என்றால் நம் சோழமண்டலம்தான். வேலை முழுக்கச் சீனர்களுடையது. சரக்கு வந்த வழி பெயராகிவிட்டது. செலடான் பீங்கானோ உண்மையிலேயே நம் கரைக்கு வந்தது, அதுவும் பாரிஸ் மோகத்துக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1980களில் நொபொரு கராஷிமா முதலானோர் செய்த ஆய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் நிறையக் கிடைத்தன. லுங்சுவான் சூளைச் செலடானும் அவற்றில் உண்டு. யாரோ சோறும் குழம்பும் போட்டுச் சாப்பிட்டு உடைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அப்படியானால் பூணைக் கழற்றிவிட்டால் மூலம் கிடைத்துவிடுமா? அதையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்கள். டப்ளினில் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு வெண்ணிற ஜாடி இருக்கிறது. ஜிங்தேஜெனில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. அந்த நூற்றாண்டிலேயே ஐரோப்பா போய்ச் சேர்ந்து, முலாம் பூசிய வெள்ளிப் பூணும் மூக்கும் கைப்பிடியும் பெற்றுக் கெண்டியானது. கைமாறிக் கைமாறி, இங்கிலாந்தில் பெக்போர்டின் பாண்ட்ஹில் மாளிகையையும் எட்டியது. 19ஆம் நூற்றாண்டில் யாரோ பூணைக் கழற்றிவிட்டார்கள். ஹங்கேரி அரச குலத்துச் சின்னம் அந்தப் பூணில்தான் இருந்தது. ஜாடி எந்த அரண்மனையில் வாழ்ந்தது என்பதற்கான சாட்சியும் அதோடு போயிற்று. நல்லவேளையாக, கேஞ்ஞியர் என்ற சேகரிப்பாளருக்காக 1713இல் பூணோடு வரைந்த வண்ணப்படம் ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் தப்பியிருக்கிறது. டப்ளின் கண்ணாடிப் பேழையில் மொட்டையாக நிற்கிற ஜாடி இன்னதென்று அறிஞர்கள் அடையாளம் கண்டுகொண்டது அந்தப் படத்தை வைத்துத்தான்.