ஹெர்ட்ஸைக் குறைத்தால் தண்ணீர் வருமா? பழைய போர் மோட்டாரில் வி.எஃப்.டி.

அன்னூர், அவிநாசி, பல்லடம் பக்கம் போரில் தண்ணீர் குறைந்தால் தோட்டத்தில் முதலில் எழும் பேச்சு, "எச்.பி.யை ஏத்திரலாமுங்க" என்பதுதான். ஐந்து ஏழரையாகும், ஏழரை பத்தாகும். ஆயிரம் அடி தாண்டிய போர்கள் சாதாரணமாகிவிட்ட ஊர்களில் அந்த அவசரத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மோட்டாரைக் கழட்டி ஏற்றிப் பார்த்தால், பல இடங்களில் எச்.பி. போதுமானதாகவே இருக்கிறது. தண்ணீர் நிற்கும் ஆழம், பம்பின் இம்பெல்லர், மோட்டார் சுற்றும் வேகம் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இழுத்துக்கொண்டு கிடக்கின்றன.

அந்தப் பொருத்தத்தை மேலே பேனல் போர்டிலேயே சரிசெய்யலாம் என்று சொல்லி விற்கப்படுவது வி.எஃப்.டி., அதாவது வேரியபிள் ஃப்ரீக்வென்சி டிரைவ். சோலார் பம்புகளோடு தோட்டத்துக்குள் நுழைந்த இந்தப் பெட்டி, இப்போது கரண்டில் ஓடும் பழைய சப்மர்சிபிள் மோட்டார்களுக்கும் பொருத்தப்படுகிறது.

வேலை எளிது. ஈ.பி. லைனில் வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, வேண்டிய ஹெர்ட்ஸில் மோட்டாருக்குக் கொடுக்கிறது. போரில் இறக்கும் இரண்டு போல் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 2,850 சுற்றுக்குப் பக்கம் ஓடும். 45 ஹெர்ட்ஸாக்கினால் வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும். தண்ணீரின் அளவும் அதே விகிதத்தில் குறைகிறது. பம்ப் தள்ளும் உயரம் வேகத்தின் இருமடிப்படி 81 சதவீதமாகிறது. இழுக்கும் மின்திறன் மும்மடிப்படி 73 சதவீதத்துக்கு இறங்குகிறது. விற்பனையாளர் காட்டும் கணக்கு இந்தக் கடைசி எண்தான். கணக்கு சரி. பொருந்தும் இடம்தான் வேறு.

கடலோரத்தில் வள்ளத்துக்கு அவுட்போர்டு என்ஜின் பூட்டுகிறவர்களுக்கு இந்த மும்மடிக் கணக்கு கைப்பழக்கம். புரொப்பெல்லரின் பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் என்ஜின் வேகம் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று வரை இறங்கும். பிட்ச் அதிகமாகிவிட்டால் பழைய என்ஜின் தன் முழு வேகத்தை எட்டாமல் முக்கிக்கொண்டே ஓடிச் சூடாகும். வேகத்தைக் குறைத்தால் படகு மெதுவாகப் போகும், அவ்வளவுதான்; போகாமல் நின்றுவிடாது. போர்வெல்லில் நின்றுவிடும். தண்ணீரை முதலில் தரைமட்டம் வரை தூக்கியாக வேண்டும் என்பதே காரணம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வால்வை முழுக்க மூடினால் 500 அடி வரை தள்ளக்கூடிய பம்ப் ஒன்று. மோட்டார் ஓடும்போது போரில் தண்ணீர் நிற்பது 360 அடியில். 50 ஹெர்ட்ஸில் தாராளமாக ஊற்றும். 45 ஹெர்ட்ஸில் அந்த 500 அடி 405 ஆகிவிடும், தண்ணீர் மெலியும். 43-ல் 370 அடி, குழாயில் கசிவுதான். 42-ல் 353 அடி. மோட்டார் சுற்றுகிறது, பேனலில் ஆம்ப்ஸ் அழகாகக் குறைந்து தெரிகிறது, மேலே ஒரு சொட்டு வராது. பவுலுக்குள் சிக்கிய தண்ணீர் அங்கேயே கலக்கப்பட்டுச் சூடாகும். மோட்டாரைக் குளிர்விக்க அதன் உடலை ஒட்டி ஓட வேண்டிய நீரோட்டமும் நின்றுபோகும். ஆக, இந்தப் போரில் பெட்டி தரும் கட்டுப்பாடு வெறும் ஏழெட்டு ஹெர்ட்ஸ். அதற்காக அதை வாங்குவது வீண்செலவு.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்கு இருநூறு லிட்டர் டிரம், செல்போன் ஸ்டாப்வாட்ச், எலக்ட்ரீஷியன் கையில் இருக்கும் டாங் டெஸ்டர் போதும். 360 அடி, அதாவது 110 மீட்டர் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் டிரம்மை 100 விநாடியில் நிரப்பினால் விநாடிக்கு 2 லிட்டர். இதை 110-ஆலும் 9.81-ஆலும் பெருக்கினால் 2,158 வாட். தண்ணீரைத் தூக்க உண்மையில் செலவான திறன் அது. மோட்டார் 415 வோல்ட்டில் 8 ஆம்ப்ஸ் இழுத்தால், பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்துக்கொண்டால், உள்ளே போவது சுமார் 4,600 வாட். பாதிக்குச் சற்றுக் கீழே, 47 சதவீதம் தண்ணீராக வெளியே வருகிறது. பழைய ஐந்து எச்.பி.க்கு இது மோசமில்லை. அதே ஆம்ப்ஸில் டிரம் நிறைய 160 விநாடி ஆனால் 29 சதவீதம்தான். இம்பெல்லர் மணலில் தேய்ந்திருக்கும், அல்லது குழாய் எங்கோ ஒழுகும். எந்த வி.எஃப்.டி.யும் தேய்ந்த இம்பெல்லரை வளர்த்துத் தராது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு மோட்டாரை மேலே ஏற்ற வேண்டியதுதான்.

இந்தக் கணக்கை ஏன் யாரும் போடவில்லை என்பதற்குக் கொங்கு வரலாற்றில் விடை இருக்கிறது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து, இந்தியாவின் முதல் மின் மோட்டார் என்று பேசப்படும் மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார்கள். மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் இறங்கியது. எழுபதுகளில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டுவண்டிகளைக் கோவை வீதிகளில் நிறுத்திப் போராடினார்கள். பிறகு பம்ப்செட் மின்சாரம் இலவசமானது. போராடிப் பெற்ற உரிமை அது, அதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் பில் வராத இடத்தில் பம்பின் நலிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்று விவசாயிக்குக் கணக்கு மும்முனை மின்சாரம் கிடைக்கும் மணி நேரத்தில்தான். அந்த நேரத்துக்குள் எத்தனை பாத்தி பாய்ந்தது என்பதே கேள்வி.

வி.எஃப்.டி. தன் விலைக்கு உழைக்கும் இடம் திறந்தவெளிக் கிணறும் சொட்டுநீரும். கிணற்றில் தண்ணீர் ஐம்பது அடியில் நிற்கிறது. மீதிச் சுமையெல்லாம் ஃபில்டர், மெயின் லைன், லேட்டரல் அழுத்தம். நான்கு வால்வில் இரண்டை மூடினால் அழுத்தம் ஏறி இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும். மெயின் லைனில் ஒரு பிரஷர் சென்சாரை வைத்துப் பெட்டியோடு இணைத்துவிட்டால், எத்தனை வால்வு திறந்திருந்தாலும் அழுத்தம் ஒன்றரை கிலோவில் நிற்கும்படி மோட்டார் தானே வேகத்தை மாற்றிக்கொள்ளும். தென்னைக்கும் வாழைக்கும் தனித்தனி லைன் வைத்திருப்பவர்களுக்கு இது மிக நல்ல கருவி, தயங்காமல் வாங்கலாம். மெதுவாக ஸ்டார்ட் ஆவதால் தண்ணீர் குழாயை அடிப்பதும் நின்றுபோகும்.

பழைய மோட்டார் என்றால் கவனம் வேண்டும். பெட்டியிலிருந்து வரும் மின்சாரம் சீரான அலையாக வருவதில்லை. 580 வோல்ட் வரை உயரும் துடிப்புகளாக வருகிறது. ஆயிரம் அடி கேபிளில் அந்தத் துடிப்பு ஓடி மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது ஏறக்குறைய இரு மடங்காகலாம். நாலைந்து முறை காயில் கட்டிய, தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் வைண்டிங் அதைத் தாங்காது. பெட்டிக்கும் கேபிளுக்கும் நடுவே அவுட்புட் சோக் அல்லது சைன் ஃபில்டர் போடாமல் ஆழமான போருக்கு இணைக்கவே கூடாது. நம் ஊரில் இரண்டு பேஸில் மோட்டார் ஓட்ட வைத்திருக்கும் கெபாசிட்டர் பெட்டியையும் கழற்றியாக வேண்டும், வி.எஃப்.டி.யின் அவுட்புட்டில் கெபாசிட்டர் இருந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே பெட்டி போய்விடும். குறைந்தபட்ச வேகத்தை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வைக்க வேண்டாம். பம்ப் கீழ்நோக்கித் தள்ளும் விசை முழுவதையும் தாங்கும் அடிப் பேரிங் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதந்து சுற்றுவது. வேகம் குறைந்தால் படலம் அறுந்து பேரிங் உரசும். ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு விநாடிக்குள் அந்த 30-ஐ எட்டும்படி செட்டிங் இருக்க வேண்டும்.

ஆழமான போருக்குப் பொருத்தம் தேடுபவர் பெட்டியை விட்டுப் பம்பைப் பார்ப்பது நல்லது. பதினைந்து ஸ்டேஜ் பம்ப் 500 அடி தள்ளுகிறது என்றால் ஒரு ஸ்டேஜுக்கு 33 அடி. மூன்று ஸ்டேஜை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெற்று ஸ்லீவ் போட்டால் 400 அடி. மோட்டாரின் சுமையும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். பித்தளை, வார்ப்பிரும்பு இம்பெல்லராக இருந்தால் லேத்தில் விட்டத்தை ஐந்து சதவீதம் கடைந்தாலே உயரம் பத்து சதவீதம் இறங்கும். பிளாஸ்டிக் இம்பெல்லரில் அந்த வேலை வேண்டாம். கோவையில் கணபதியிலும் பீளமேட்டிலும் இதைச் செய்து தரும் கைகளுக்குப் பஞ்சமில்லை. ஐ.எஸ். 8034 தரக்குறியீட்டோடு வந்த பம்பாக இருந்தால் அதன் கேட்டலாக் வளைகோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு வெட்டச் சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கமும் மாறிக்கொண்டிருக்கிறது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பவானியின் உபரி நீரை ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசெல்லும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. குளம் நிறைந்து பக்கத்துப் போரில் நீர்மட்டம் 360 அடியிலிருந்து 230 அடிக்கு ஏறினால், பழைய ஆழத்துக்கு இறக்கிய அதே பம்ப் தன் எல்லையை மீறித் தண்ணீர் தள்ளும். ஆம்ப்ஸ் ஏறும், இம்பெல்லர்கள் மேலே தூக்கி உரசும். அப்போது கேட் வால்வைக் கொஞ்சம் மூடினாலே பாதி வேலை முடியும். வி.எஃப்.டி. ஏற்கனவே இருந்தால் 42 ஹெர்ட்ஸில் ஓட்டலாம். முன்பு ஒரு சொட்டும் தராத அந்த வேகம் இப்போது நல்ல தண்ணீர் தரும், மோட்டாரும் இளைப்பாறும். தையில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் நீர்மட்டத்தை அளந்து, டிரம்மை வைத்து நேரம் பார்த்து, ஆம்ப்ஸையும் குறித்து, அந்த மூன்று எண்களையும் பேனல் கதவின் உட்புறம் எழுதி வைத்தால், அடுத்த முறை ஹெர்ட்ஸை மாற்றுவதா, ஸ்டேஜைக் குறைப்பதா, கேட் வால்வோடு விட்டுவிடுவதா என்று அங்கேயே நின்று முடிவு செய்யலாம்.