கடிகாரம் எதை அளக்கிறது?

எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய பதினான்கு சிகரங்களையும் 92 நாளில் ஏறி முடித்த சாதனைக்கு வக்காலத்து வாங்குபவர்கள் இன்னும் ஓயவில்லை. 2023 ஜூலை 27 அன்று கே2 உச்சியில் கிறிஸ்டின் ஹரிலாவும் டென்ஜென் ஷெர்பாவும் அதை நிறைவு செய்தார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே அதே நாளில் முகமது ஹசன் என்ற பாகிஸ்தானிய சுமைதூக்கி இறந்தார். அது தனி விபத்து, சாதனையோடு அதை முடிச்சுப் போடாதீர்கள், ஒரு பெண் மனித உடலின் எல்லையை நகர்த்திக் காட்டியதை மட்டும் பாருங்கள் என்கிறார்கள். இந்த வாதத்தின் இரண்டு பாதிகளும் தவறு என்பது என் எண்ணம்.

ஹரிலாவின் உடல் வலிமையை நான் மறுக்கவில்லை. சிலிண்டர் ஆக்சிஜன் இருந்தாலும் அந்த உயரத்தில் மூன்று மாதம் ஓயாமல் ஏறி இறங்குவது எளிதல்ல. டென்ஜெனின் பெயரைத் தன் பெயருக்குச் சமமாக வைத்ததும் அவருடைய நேர்மை. அவருக்கு முன் 2019இல் 189 நாளில் இதைச் செய்த நிர்மல் புர்ஜா, அதுவரை படங்களின் ஓரத்தில் நின்ற நேபாளிகளை நடுவே கொண்டுவந்தார். அன்னபூர்ணாவில் ஏறி இறங்கிய களைப்போடு, மேலே சிக்கிக்கொண்ட மலேசியர் ஒருவரை மீட்க அவர் அணி திரும்பவும் போனது. இவை பெரிய விஷயங்கள்.

ஆனால் இந்த நாள்கணக்கு அளப்பது ஏறுபவரின் எல்லையை அல்ல. பல ஆண்டுகளாக நான் சொல்லிவரும் ஆட்சேபம் இது.

ரைன்ஹோல்ட் மெஸ்னருக்குப் பதினான்கு சிகரங்களுக்கும் பதினாறு ஆண்டுகள் பிடித்தன. போலந்தின் குக்குச்கா எட்டு ஆண்டுகளுக்குள் முடித்தார். 2013இல் கொரியாவின் கிம் சாங்-ஹோ சிலிண்டர் ஆக்சிஜன் இல்லாமல் ஏழு ஆண்டு பத்து மாதத்தில் முடித்தார். அடுத்த ஆறே ஆண்டில் அது 189 நாளாகச் சுருங்கியது, அதன்பின் 92 நாள். இந்தப் பத்தாண்டில் மனிதனின் நுரையீரல் பெரிதாகிவிடவில்லை. ஒரு மலையின் அடிவாரத்திலிருந்து அடுத்த மலையின் அடிவாரத்துக்கு ஹெலிகாப்டர் வந்தது. முன்கூட்டியே கட்டிவைத்த கயிறும், மேல் முகாம்களில் காத்திருக்கும் கூடாரமும் சிலிண்டரும், இத்தனைக்கும் செலவழிக்கப் பணமும் வந்தன. வேறு யாரோ சமைத்து, இலை போட்டுப் பரிமாறிய பந்தியில் முதலில் சாப்பிட்டு எழுந்தவருக்குப் பரிசு கொடுப்பது போன்றது இது.

ஹரிலாவின் கதையே இதற்குச் சான்று. 2022இலும் அவர் இதே முயற்சியில் இறங்கினார். பன்னிரண்டு சிகரங்கள் முடிந்தன. ஷிஷாபங்மாவுக்கும் சோ ஓயுவுக்கும் சீனாவின் அனுமதி கிடைக்காததால் சாதனை கைநழுவியது. மறு ஆண்டு அனுமதி கிடைத்தது, சாதனையும் கிடைத்தது. 2022இல் தோற்றதும் 2023இல் வென்றதும் ஒரே உடல்தான். நடுவில் மாறியது ஓர் அரசாங்கத்தின் முத்திரை. இதை மனித உடலின் எல்லை என்று எழுதுகிறவர்கள் எதைப் பார்த்து எழுதுகிறார்கள்?

ஹசன் விஷயத்துக்கு வருகிறேன். அன்று மேல் பகுதியில் கயிறு கட்டும் வேலை முடிந்திருக்கவில்லை. முன்னால் சிலர் கட்டிக்கொண்டே போக, பின்னால் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த உயரத்துக்குரிய உடையோ ஆக்சிஜனோ இல்லாமல் முன்வரிசையில் வேலை செய்தவர் ஹசன். பாட்டில்நெக் என்ற குறுகலில், சுமார் 8,200 மீட்டர் உயரத்தில் விழுந்தார். ஆட்கள் அவரைக் கடந்து ஏறிப்போன காட்சி டிரோன் படத்தில் பதிவாகி உலகம் முழுவதும் சென்றது.

தன் அணி உதவ முயன்றது என்றும், தன் ஒளிப்பதிவாளர் மணிக்கணக்கில் ஹசனுடன் இருந்து ஆக்சிஜன் கொடுத்தார் என்றும் ஹரிலா சொன்னார். அதை நான் நம்புகிறேன். அன்று அங்கே இருந்தவர் அவர் மட்டுமல்ல. பழியை அவர் ஒருவர் தலையில் கட்டுவது அநியாயம். ஆதரவாளர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: புர்ஜாவின் 189 நாளை முறியடிக்க இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் மீதி இருந்தது, அன்று திரும்பியிருந்தாலும் சாதனை போயிருக்காது, ஆகவே சாதனை வெறி அவரை ஓட்டியது என்பது பொய்.

எனக்கு அந்த மூன்று மாதம்தான் உறுத்துகிறது. அன்று திரும்பியிருந்தால் எதையும் இழந்திருக்க மாட்டார் என்ற நிலையிலும் திரும்பவில்லை. கணக்குப்படி அவசரமே இல்லாத இடத்திலும் அவசரத்தை உண்டாக்குகிறது இந்தக் கடிகாரம். நாள் எண்ணத் தொடங்கிவிட்ட மனத்துக்குக் கயிறு கட்டுகிறவன் கயிற்றின் பகுதியாகவே தெரிகிறான். ஒளிப்பதிவாளர் தங்கினார், சாதனையாளர் ஏறினார். இந்த ஏற்பாட்டில் தங்கக்கூடியவர் யார், தங்க முடியாதவர் யார் என்பது முன்பே தீர்மானமாகிவிட்டது.

டென்ஜென் ஷெர்பாவின் முடிவு இதைவிடக் கசப்பானது. சாதனைப் பட்டியலில் சம பங்காளி; சம்பளத்துக்கோ மறுபடி மலைக்குத்தான் போக வேண்டியிருந்தது. கே2 முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 7 அன்று ஷிஷாபங்மாவில் பனிச்சரிவில் இறந்தார். பதினான்கையும் முடித்த முதல் அமெரிக்கப் பெண் என்ற பெயருக்காக இருவர் அன்று போட்டியில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு வழிகாட்டிப் போனவர் டென்ஜென். போட்டியிட்ட இருவரும் இறந்தார்கள், மற்றவரின் வழிகாட்டி மிங்மர் ஷெர்பாவும் இறந்தார். பட்டம் அந்தப் பெண்களுக்கு, ஆபத்து நால்வருக்கும். இரண்டு ஷெர்பாக்களும் எந்தச் சொந்த எல்லையைத் தேடி அங்கே போனார்கள்?

தனியாக ஏறுபவர்களும் சாகிறார்களே என்று கேட்கலாம். சாகிறார்கள். வேகத்துக்கே பேர்போன ஊலி ஸ்டெக் 2017இல் நுப்ட்சேயில் தனியே ஏறும்போது விழுந்து இறந்தார். அது துயரம். ஆனால் அவர் தன் எல்லையைத் தன் உடலால் தேடினார், விலையையும் தானே கொடுத்தார். அந்த மரணத்தில் எனக்குப் புரியாதது எதுவுமில்லை.

மலையேற்ற உலகுக்கே இது தெரியாமல் இல்லை. அங்கே மிக உயர்வாக மதிக்கப்படும் பியோலே தோர் விருது, 2009இல் சீரமைக்கப்பட்ட பிறகு, எத்தனை நாளில் எத்தனை சிகரம் என்று எண்ணுவதில்லை. எந்தப் பாதையில், எவ்வளவு குறைந்த துணையோடு ஏறினார்கள் என்று பார்க்கிறது. எண்ணுவது கின்னஸ், அதை வாங்கி விற்பது விளம்பரதாரரும் பத்திரிகையும்.

வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் நிபந்தனை இது: கயிற்றை நீங்களே கட்டுங்கள், கூடாரத்தையும் சிலிண்டரையும் நீங்களே சுமந்து செல்லுங்கள், ஹெலிகாப்டரை விட்டுவிடுங்கள். அப்படி எத்தனை ஆண்டில் முடித்தாலும் அந்தக் கணக்கை முதல் பக்கத்தில் போடலாம். அதுவரை 92 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒருவர் உடலின் பெருமையை எழுதுவதைப் பத்திரிகைகள் நிறுத்த வேண்டும்.