ஒப்பந்தத் தாளும் வாடகைதாரர் உரிமையும்

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான உறவை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நெறிப்படுத்திவந்த 1960-ஆம் ஆண்டின் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இரு தரப்பினரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் வாடகையின் அளவிலேயே தலையிட்டது. கட்டடத்தின் மதிப்பைக் கொண்டு ‘நியாய வாடகை’யைக் கணக்கிட்டு நிர்ணயிக்க அதில் வழி இருந்தது. புதிய சட்டம் அந்தத் தலையீட்டைக் கைவிட்டு, வாடகை எவ்வளவு என்பதை இரு தரப்பும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. ஆகவே வாடகைதாரருக்கான பாதுகாப்பின் சுமை முழுவதும் இப்போது ஒரு தாளின்மீது ஏற்றப்பட்டிருக்கிறது. அந்தத் தாள் அதைத் தாங்குமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பழைய முறையைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. காலி செய்ய வைக்கும் வழக்குகள் ஒரு தலைமுறைக் காலம் இழுத்ததும், சொற்ப வாடகைக்குக் கடைவீதிக் கட்டடங்கள் கைமாறாமல் கிடந்ததும், வாடகைக்கு விடுவதைவிடப் பூட்டி வைப்பதே மேல் என்று பலர் கருதியதும் அதன் விளைவுகளே. புதிய சட்டம் இதற்கு மாற்றாக, வாடகைக்கு விடுவதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அந்த ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம், அதாவது மாவட்ட ஆட்சியரால் நியமிக்கப்படும் துணை ஆட்சியர் நிலை அலுவலரிடம், பதிவாகிப் பதிவெண் பெற வேண்டும் என்றும் விதித்தது. வாடகைக்கு ரசீது தருவது கடமையாக்கப்பட்டது. உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால் அதை அதிகாரியிடம் செலுத்திவிட வழி வைக்கப்பட்டது. வீட்டைப் பார்வையிட வருவதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும் என்றானது. ‘வாடகை பாக்கி’ என்று பொய்க் கணக்குக் காட்டிக் காலி செய்ய வைக்கும் பழைய உத்தியை முறிக்கும் இந்த ஏற்பாடுகள் உண்மையிலேயே பயனுள்ளவை.

எனினும் சட்டத்தின் எழுத்துக்கும் தெருவின் வழக்கத்துக்கும் உள்ள தொலைவை அட்வான்ஸ் எனப்படும் முன்பணத்தைப் போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் பெறுவதை அனுமதிக்கவில்லை. அதற்கு மேற்பட்ட தொகை உரிமையாளரின் கையில் இருந்தால் அது வாடகை பாக்கியில் கழிய வேண்டியதே என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் உயிரோடிருந்த காலத்திலேயே சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது எவரும் கேள்வி கேட்காத வழக்கமாகிவிட்டது. புதிய சட்டம் மூன்று மாத வாடகையைப் பொது வரம்பாக வைத்தது. நடுவண் அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்கிறது. வரம்பு ஏறினாலும் இறங்கினாலும் புரோக்கர் சொல்லும் கணக்கு பெரிதாக மாறவில்லை. மாத வாடகை 15,000 ரூபாய் என்றால் பத்து மாதக் கணக்கில் ஒன்றரை லட்சம் ரூபாய் வட்டியின்றி உரிமையாளரிடம் கிடக்கிறது. சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை, குழாய்க்கு ஒன்று, ஆணி அடித்த சுவருக்கு ஒன்று என்று கழித்தது போக மிச்சம் தரப்படுகிறது. அதுவும் அடுத்த குடித்தனக்காரர் அட்வான்ஸ் தந்த பிறகுதான். இயல்பான தேய்மானத்தையும் வாடகைதாரர் செய்த சேதத்தையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இங்கு வேரூன்றவே இல்லை.

குடிநீர், மின்சாரம் முதலிய இன்றியமையாச் சேவைகளை நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது. முறையிட்டால் அவற்றை உடனே மீட்டுத்தரும் இடைக்கால ஆணையை அதிகாரி பிறப்பிக்கலாம். ஆனால் நடைமுறையில் எதுவும் ‘நிறுத்தப்படுவதில்லை’. மோட்டார் சுவிட்ச் உரிமையாளரின் வீட்டுக்குள் இருக்கும். காலையில் அரை மணி நேரம் தாமதமாகப் போடப்படும். இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற அரசுச் சலுகை மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குச் சேர்ந்துவிட, சப்மீட்டர் வைத்த போர்ஷனில் குடியிருப்பவர் முதல் யூனிட்டிலிருந்தே உரிமையாளர் வைத்த விலையைக் கொடுக்கிறார். ஒரே இணைப்பில் பல போர்ஷன்கள் ஓடும்போது கட்டண அடுக்கு உயர்வது உண்மையே. ஆயினும் அந்தக் கணக்கு வாடகைதாரருக்குக் காட்டப்படுவது அரிது.

இவற்றையெல்லாம்விட ஆழமான குறை சட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. சட்டம் வருமுன் வாய்மொழியாகக் குடியிருந்தவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் உரிமையாளருடன் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று 4-ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வாறு செய்யத் தவறியதையே காலி செய்ய வைப்பதற்கான காரணங்களில் முதலாவதாக 21-ஆம் பிரிவு அடுக்குகிறது. தவறியவர் யார் என்று அது கேட்பதில்லை. வாடகை வருமானம் கணக்கில் ஏறிவிடும் என்று கையெழுத்திட மறுத்த உரிமையாளரே அந்த மறுப்பைக் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்கலாம். இரு தரப்புக்கும் சமமாகத் தரப்பட்ட உரிமை போல இது தோன்றும். ஆனால் குடியிருப்பை முடித்துக்கொள்ளும் உரிமை, குடியிருக்க இடம் தேடுபவருக்கு எதற்கு? புதிய ஒப்பந்தங்களிலும் நிலைமை பெரிதும் வேறல்ல: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்ட விதியைத் தவிர்க்கப் பழகிய பதினொரு மாத ஒப்பந்தம் இன்றும் முத்திரைத்தாளில் எழுதப்பட்டு, வாடகை அதிகாரியிடம் போகாமலேயே பீரோவில் உறங்குகிறது.

சாமான்களை வெளியே வைத்துப் பூட்டுப் போடுவது எந்தச் சட்டத்தின்படியும் செல்லாது. உரிய சட்ட நடைமுறையின்றி வெளியேற்றப்பட்டவர், வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து மீண்டும் குடியேறலாம் என்று 1963-ஆம் ஆண்டுக் குறித்த வகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த வழியை நாடுவோர் குறைவு என்பதில் வியப்பில்லை. சாமான் தெருவில் கிடக்கும்போது வழக்கை விட அடுத்த தெருவில் ஒரு போர்ஷன் பெரிதாகத் தோன்றும்.

இன்னாருக்கு வீடு இல்லை என்று சாதி, மதம், உணவு, தனித்து வாழும் பெண் என்ற காரணங்களால் மறுப்பதைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. அது தனியே பேச வேண்டிய பெரிய குறை. இருப்பதைத் திருத்துவதற்கோ நெடுங்காலம் தேவையில்லை. ஒப்பந்தம் செய்ய மறுத்தவர் அந்த மறுப்பைக் காரணமாக்கி வீட்டைத் திரும்பக் கேட்க முடியாது என்று 21-ஆம் பிரிவில் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். வங்கி வழியே வாடகை செலுத்திய சான்றைக் காட்டி வாடகைதாரர் மட்டுமே தம் குடியிருப்பைப் பதிவு செய்துகொள்ளும் வழி எளிதாக்கப்பட வேண்டும். அதுவரை வாடகையைக் கையில் ரொக்கமாகத் தராமல் இருப்பதே வாடகைதாரர் தமக்குத் தாமே செய்துகொள்ளக்கூடிய முதல் பாதுகாப்பு.