பிம்பமும் வாக்கும்

வெளிமாநிலத்தில் குடியிருக்கும் தமிழர் பலரும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள்: "உங்க ஊர்ல சினிமா நடிகருக்குத்தானே ஓட்டு?" கேட்பவர் சிரித்துக்கொண்டே கேட்பார். நம் பிள்ளைகளும் அதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். ஆகவே இதற்கு நேர்மையான பதில் ஒன்றைத் தேடிக்கொள்வது நல்லது.

இப்பொருள் குறித்து ஆழமாக எழுதப்பட்ட நூல் எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 'தி இமேஜ் ட்ராப்' (1992). டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 2014இல் மறைந்தார். எம்.ஜி.ஆர். திரையில் வளர்த்த ஏழைப்பங்காளன் பிம்பம் ஏழைகளையே கட்டிப்போட்டது. அவரது ஆட்சி தங்களுக்குச் சாதகமாக இல்லாதபோதும் அவர்கள் அவரைக் கைவிடவில்லை என்பது நூலின் மைய வாதம்.

இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். 'படகோட்டி'யில் (1964) மீனவர், 'விவசாயி'யில் (1967) உழவர், 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்தில் ரிக்‌ஷா ஓட்டுபவர். வேடம் மாறினாலும் ஆள் மாறவில்லை. 1967 ஜனவரியில் அவர் சுடப்பட்டபோது, கழுத்துக் கட்டுடன் இருந்த படமே சுவரொட்டியானது; பரங்கிமலையில் வென்றார். 1984இல் அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். பிரசாரத்துக்கு அவர் வரவில்லை; பிம்பம் வந்தது.

ஆனால் பிம்பம் மட்டுமே போதுமென்றால் சிவாஜி கணேசன் தோற்றிருக்கக் கூடாதே? சொந்தக் கட்சி தொடங்கி 1989 தேர்தலில் நின்றார்; திருவையாற்றில் அவரே தோற்றார். சிவாஜி ஒவ்வொரு வேடத்திலும் வேறொருவராகக் கரைந்துபோனார். நடிப்புக்கு அது பெருமை. அரசியலுக்கோ அவரிடம் ஒற்றை முகம் மிஞ்சவில்லை. இன்னொன்று, எம்.ஜி.ஆர். 1972இல் கட்சி தொடங்கியபோது ஊர் ஊராக இருந்த ரசிகர் மன்றங்களே கிளைகளாயின. கொடி கட்டவும் வீடு வீடாகப் போகவும் ஆள் இருந்தது.

பாண்டியனோடு நான் வேறுபடும் இடம் 1980. அந்த ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. அடுத்த மாதமே ஆட்சியும் கலைக்கப்பட்டது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் அதே எம்.ஜி.ஆரை மறுபடியும் முதல்வராக்கினார்கள். முகம் அதேதான், தீர்ப்புதான் வேறு. பொறி என்கிறார் ஆசிரியர். பொறியில் சிக்கிய எலி வெளியே வந்து நாலு மாதம் உலாவிவிட்டு, தானாகவா மறுபடி உள்ளே போகும்? டெல்லிக்கு ஒருவர், கோட்டைக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டவர்களை மயங்கியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது தமிழனுக்கு மட்டுமான வியாதியும் அல்ல. 1971இல் வறுமையை விரட்டுவோம் என்ற முழக்கத்தோடு இந்திரா காந்தியின் முகமே நாடெங்கும் வாக்குக் கேட்டது. அவர் நடிகை அல்லர். 1977இல் ரேபரேலியில் அவரையே மக்கள் தோற்கடித்தார்கள்.

பிம்பம் வாசல்வரை அழைத்து வரும். இலையில் என்ன விழுகிறது என்பதைப் பந்தியில் உட்கார்ந்தவர் பார்த்துக்கொள்வார். 1982இல் வந்த சத்துணவுத் திட்டத்தை மறந்துவிட்டு 1984 வெற்றியைப் பேச முடியாது. அதே சமயம், பிடித்த முகமென்றால் கணக்குக் கேட்க நாம் தாமதிக்கிறோம் என்பதும் உண்மை. பாண்டியனின் எச்சரிக்கை அந்த அளவில் இன்றும் செல்லும். பிள்ளைகள் கேட்டால் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.