அபத்தமான விடையின் அழகு

சென்ற ஆண்டு பகாவில் எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். மண்டபச் சுவரில் நோபல் பரிசு பெற்ற தமிழர்கள் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. சி.வி. ராமன், சுப்ரமணியன் சந்திரசேகர், வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ஒரு மாணவி கேட்டாள்: "அண்ணே, நடுவுல இருக்கறவரு என்னதான் கண்டுபிடிச்சாரு?" "விண்மீனோட நிறைக்கு ஒரு எல்லை. சூரியனைப்போல 1.4 மடங்கு" என்றேன். "அப்படின்னா?" என்றாள். அங்கே மாட்டிக்கொண்டேன். பொறியியல் பட்டம் வாங்கியவன்தான், ஆனால் அந்த எண் எனக்கும் சுவரொட்டி எண்ணாகத்தான் இருந்தது.

அதன் பிறகுதான் சந்திரசேகரின் 'ட்ரூத் அண்ட் பியூட்டி' (1987) நூலைத் தேடி வாசித்தேன். 1946 முதல் 1986 வரை அவர் ஆற்றிய ஏழு உரைகளின் தொகுப்பு. அறிவியல் நூல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஷேக்ஸ்பியர், நியூட்டன், பீத்தோவன் மூவரையும் அருகருகே வைத்து, கலைஞன் வயதாக ஆக வளரும்போது அறிவியலாளன் ஏன் பெரும்பாலும் இளமையோடு தேங்கிவிடுகிறான் என்று கேட்கிறார். இப்சனின் 'எ டால்ஸ் ஹவுஸ்' நாடகத்தைத் தமிழாக்கிய சீதாலட்சுமியின் மகன் அவர். இந்த ரசனை வீட்டிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

முதலில் அந்த 1.4. 1928இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட், மாநிலக் கல்லூரி மாணவரான சந்திரசேகரிடம் நீ படித்த இயற்பியல் பழசாகிவிட்டது என்று சொல்லி, புதிய குவாண்டம் புள்ளியியலைப் பயன்படுத்திய தன் கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்தார். இரண்டு ஆண்டு கழித்து, 19 வயதில், கேம்பிரிட்ஜுக்குக் கப்பலில் போகும்போது அந்தப் புள்ளியியலை விண்மீனுக்குப் போட்டுப் பார்த்தார் சந்திரசேகர்.

எரிபொருள் தீர்ந்த விண்மீனை அதன் சொந்த ஈர்ப்பே நசுக்கும். குவாண்டம் விதிப்படி இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது. இடம் நெருக்கமாக ஆக, அவை மேலும் வேகமான நிலைகளுக்குப் போயாக வேண்டும். அதிலிருந்து வரும் அழுத்தம்தான் வெண்குறுமீனைத் தாங்குகிறது. இதுவரை ஃபௌலர் 1926இலேயே சொன்னதுதான். அந்த வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கினால் என்ன ஆகும் என்று கேட்டவர் சந்திரசேகர். சார்பியலைச் சேர்த்தால் வேகத்துக்கு ஓர் உச்சம் உண்டு. ஒரு கட்டத்துக்கு மேல் அழுத்தம் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்காது. இன்றைய கணக்கில் அந்தக் கட்டம் சுமார் 1.4 சூரிய நிறை. அதைத் தாண்டினால் வெண்குறுமீனாக நிற்க முடியாது, மேலும் சுருங்கத்தான் வேண்டும்.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில், ராயல் வானியல் கழகத்தில் இதைச் சொன்னார். அவர் முடித்ததும் எழுந்தவர் எடிங்டன். 1919 கிரகணத்தை வைத்து ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்துக் காட்டிய மேதை. அதற்கு முன் பல மாதங்கள் சந்திரசேகரின் கணக்குகளை அருகிலிருந்து பார்த்துவந்தவரும்கூட. விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது, ஏதாவது விதி குறுக்கே வந்து தடுக்கும் என்றார். சபை சிரித்தது. பௌலி போன்ற குவாண்டம் பெரியவர்கள் தனிப்பட்ட முறையில் சந்திரசேகர் பக்கம்தான். ஆனால் வெளியே வந்து சொல்லவில்லை. நம் தோட்டத்துக் கூட்டங்களிலும் தலைவர் பேசி முடித்தபின் டீக்கடையில்தானே மாற்றுக்கருத்து வரும்?

நூலோடு எனக்குச் சண்டை இங்கேதான். அழகு பற்றிய 1979 உரையில் இரண்டு அளவுகோல்களை வைக்கிறார். ஒன்று பேக்கனிடமிருந்து: உயர்ந்த அழகில் ஒரு விசித்திரம் இருக்கும். மற்றது ஹைசன்பர்க்கிடமிருந்து: பகுதிகள் ஒன்றோடொன்றும் முழுமையோடும் பொருந்த வேண்டும். மனம் ஆழத்தில் அழகென உணர்வது இயற்கையில் மெய்யாக இருக்கிறது என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. சுழலும் கருந்துளையை விவரிக்க ராய் கெர் 1963இல் கண்ட தீர்வைத்தான் பெரிய சான்றாக நினைக்கிறார்.

சரி, எடிங்டனும் அழகுணர்ச்சியை நம்பியவர்தானே? ஒழுங்கான பிரபஞ்சத்தில் இப்படி ஒரு விடை வரக்கூடாது என்பதுதானே அவருடைய உறுத்தல்? அழகுணர்ச்சி ஒரு பெரிய மூளையை அவ்வளவு தவறாக வழிநடத்த முடியும் என்றால், அதை எப்படி வழிகாட்டியாக நம்புவது? எடிங்டன் நூற்றாண்டு உரைகளில் சந்திரசேகர் அவரை மிகுந்த மரியாதையோடு எடைபோடுகிறார். அந்தப் பண்பு பெரியது. ஆனால் அந்த உரைகளையும் அழகு உரையையும் எதிரெதிரே நிறுத்தி இந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. வாசகன்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

என் விடை இது. எடிங்டன் அபத்தம் என்று தள்ளிய வழி கடைசியில் போய்ச் சேர்வது கருந்துளையில். சந்திரசேகர் தன் வாழ்வின் பேரழகைக் கண்டதும் அங்கேதான். இடையில் 40 ஆண்டு இருக்கிறது. 1939இல் விண்மீன் அமைப்பு பற்றிய நூலை எழுதிவிட்டு வேறு துறைக்குப் போனார். ஒவ்வொரு துறையையும் முதல் வகுப்பு மாணவன்போல் தொடங்கி, 72 வயதில் கருந்துளைகளின் கணிதம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அறிவியலாளன் ஏன் தேங்குகிறான் என்ற அவருடைய கேள்விக்கு அவர் வாழ்க்கையே ஒரு பதில்தான். எடிங்டன் கணக்குக்கு முன்னால் அழகை நீதிபதியாக உட்காரவைத்தார். சந்திரசேகருக்கு அது கணக்குப் போட்டு முடித்தபின் கிடைத்தது.

அடுத்த முறை பகாவுக்குப் போனபோது வெண்பலகையில் எலக்ட்ரான்களை வரைந்து விளக்கினேன். 1935 கதையையும் சொன்னேன். அந்த மாணவி நோபல் பரிசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தெரிஞ்சவங்க ஏண்ணே சும்மா இருந்தாங்க?" என்றுதான் கேட்டாள். நமக்குப் பெருமைத் தாள்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. இந்த நூலை அவள் கேட்ட கேள்வியோடு வாசியுங்கள்.