நன்னூல் எழுத்தியலும் எழுத்துப்பிழையும்

பிழைத்த சொல்லை இருபது முறை எழுதுவித்தால் பிழை நீங்கும் என்பது பள்ளிகளில் நெடுங்காலமாக நிலவும் நம்பிக்கை. இடைநிலை வகுப்பை அடைந்தும் எழுத்துக் கைவராத மாணாக்கனிடம் அது பயன்படுவதில்லை. அவன் பிழைக்கு அஞ்சி, எழுதுவதையே விட்டுவிடுகின்றான்.

வாகரைக்கும் வெருகலுக்கும் இடையே கடலோரம் அமைந்த கதிரவெளி இதற்குத் தக்க சான்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியது. 2006 நவம்பர் 8இல், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலையில் எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர். அங்குக் கல்வி இடையற்றது மாணாக்கரின் சோம்பலால் அன்று. அக்காலத்துப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். அவர்கள் நிலை எழுப்பிய வினாவோ நிற்கின்றது. அறிவு வளர்ந்து எழுத்து வளராதவனுக்கு எதனைக் கொடுப்பது? அரிச்சுவடியை மீண்டும் கொடுத்தல் அவனை இழிவுபடுத்துவதாகும். அவனுக்கு வேண்டுவது காரணம்.

அக்காரணம் பவணந்தியாரின் நன்னூலில் உண்டு. ஆயின் அது கற்பிக்கப்படும் முறை பொருந்துவதன்று. எழுத்திலக்கணத்தின் பன்னிரு பகுதிகளுள் எண், பெயர், முறை என்பன முன்னிற்கும். பிறப்பு நான்காவது, இடைநிலை ஒன்பதாவது. இவ்வடைவு நூலுக்கு அழகே. எழுத்தறிந்தார்க்கு இயற்றிய நூலை எழுத்தறியார்க்கு அவ்வடைவிலேயே ஓதுவித்தல்தான் பிழை. பிறப்பும் இடைநிலையுமே அவர்க்கு முதலில் வேண்டுவன.

‘வன்டி’ என எழுதுபவனை நோக்குக. ஒரு தமிழ்ச் சொல்லினுள் டகரத்துக்கு முந்தி ணகரமும், தகரத்துக்கு முந்தி நகரமும், றகரத்துக்கு முந்தி னகரமுமே வரும். றகர னகரங்கள் இரண்டும் நுனிநா அண்ணத்தைப் பொருந்தப் பிறப்பன. இதனைத் தன் நாவிலேயே சோதித்தறிந்தவன் வண்டி, பந்து, கன்று மூன்றையும் ஒருங்கே திருத்திக்கொள்வான். ஒரு விதி நூறு சொற்களைக் காக்கும். இருபது முறை எழுதுதல் ஒரு சொல்லையே காக்கும்.

எனினும் விதிக்கும் எல்லை உண்டு. ஈழத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. வாளைமீனையும் வாழைமரத்தையும் பிரித்தெழுதச் செவி உதவாது, வாசிப்பே உதவும். ஆதலின் விதியால் விளங்குவன இவை, பழக்கத்தால் வருவன இவை எனப் பகுத்துணர்தல் ஆசிரியரின் முதற்கடன். விதியுள்ள இடத்தில் எழுதுவித்தலும், விதியில்லாத இடத்தில் கடிதலும் ஒருங்கே வீண். காரணம் கூறி அவனை அறிவுடையவனாக மதிப்பின், எழுதுகோலை அவன் தானே எடுப்பான்.